மூணு பதிவேடு, மூணு கணக்கு: நோயாளிக் குறிப்புகளுக்காக நைட்டிங்கேல் ஏன் அவ்வளவு சண்டை போட்டார்?

ராஜபாளையத்துக்காரங்களுக்கு அய்யனார் கோவில் என்றால் சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே அங்கேதான் இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்படிக் குளிக்கப் போய்விட்டு வந்த என் மாமாவுக்கு மறுநாளே காய்ச்சல். ரெண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

மாமாவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக் ஊசி ஒத்துக்காது. சேர்க்கும்போதே அதைச் சொன்னோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதியும் வைத்தார்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்தவர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். அதே ஊசி சிரிஞ்சில் ஏறிவிட்டது. அத்தை மருந்துப் பாட்டிலில் இருந்த பெயரைப் படித்துப் பார்த்ததால் அன்றைக்குத் தப்பித்தோம்.

தகவல் இல்லாமல் இந்தத் தப்பு நடக்கவில்லை. தகவல் ஃபைலில்தான் இருந்தது, யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மருத்துவமனை ஊழியர்களுக்கு இருக்க வேண்டிய 'தகவல் அறிவு' என்று இப்போது பேசுகிறார்களே, அது இதுதான். நோயாளி பற்றிய விவரத்தைச் சரியாகக் கேட்பது, எழுதுவது, தேடி எடுப்பது, படிப்பது, தேவைப்பட்டால் சந்தேகப்படுவது.

சுமார் 170 வருஷத்துக்கு முன்பே இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் ஒருவர் உண்டு. அவரை நமக்கு வேறொரு படத்தில்தான் தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கைவிளக்கோடு நிற்பாரே, அந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்!

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். பெற்றோர் இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பத்தினர். அப்பா வில்லியம் தன் இரண்டு மகள்களுக்கும் வீட்டிலேயே லத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஃபுளோரன்ஸுக்குக் கணக்கு என்றால் தனி ஆசை.

17 வயதை எட்டும் முன்பே, கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைப்பதாக உணர்ந்தார். அது நர்ஸ் வேலை என்று புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின. வீட்டில் பெரிய எதிர்ப்பு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நர்ஸ் வேலை என்றால் வசதியான வீட்டுப் பெண்கள் எட்டிக்கூடப் பார்க்காத வேலை. வந்த வரனையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். அப்போது வயது 33.

ஸ்கூட்டாரியில் என்ன நடந்தது?

1854-ல் பிரிட்டன் ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியப் போரில் இறங்கியது. காயம்பட்ட, நோய்வாய்ப்பட்ட சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த பெரிய ராணுவக் குடியிருப்புதான் மருத்துவமனை. நிலைமை மோசம் என்று லண்டன் பத்திரிகைகள் எழுத, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் தன் நண்பரான நைட்டிங்கேலை அனுப்பினார். 38 நர்ஸ்களோடு அவர் நவம்பர் மாதத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

படுக்கை இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. இதெல்லாம் நாம் படித்த கதைதான். பாடப் புத்தகத்தில் வராத ஒன்று உண்டு. அந்த மருத்துவமனையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று யாருக்குமே சரியாகத் தெரியாது! இறப்புகளைக் குறிக்க மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றையும் வைத்துக் கூட்டினால் மூன்று வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாத இடத்தில், எதனால் செத்தார்கள் என்று எப்படித் தெரியும்? போன மாதத்தைவிட இந்த மாதம் பரவாயில்லையா என்று யார் சொல்வது?

நைட்டிங்கேல் வந்த பிறகும் சாவு குறையவில்லை. முதல் குளிர்காலத்தில் கூடிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் உச்சத்தைத் தொட்டது. அந்த மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 42.7 சதவீதம் பேர் இறந்ததாகக் கணக்கு. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து சேர்ந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்தது, தண்ணீர் வரும் வழியில் கிடந்த செத்த விலங்குகளை அகற்றியது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் அந்த 42.7 சதவீதம் 2.2 ஆக இறங்கியிருந்தது.

கணக்கு சொன்ன கசப்பான பதில்

1856 ஆகஸ்டில் ஊர் திரும்பும்போது நைட்டிங்கேல் நாடறிந்த நாயகி. ஆனால், வரவேற்பு எதையும் ஏற்காமல் சத்தமில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். போரில் பிடித்த காய்ச்சல் அவரை விடவில்லை. இன்று மருத்துவர்கள் அதை புருசெல்லோசிஸ் என்ற தொற்றாக இருக்கலாம் என்கிறார்கள். அடுத்த பல வருஷங்கள் பெரும்பாலும் படுக்கையிலும் அறைக்குள்ளும்தான் வாழ்க்கை.

அந்த அறைக்குள்தான் அவருடைய இரண்டாவது போர் ஆரம்பித்தது. அரசின் பதிவாளர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு சேர்ந்து, ராணுவ மருத்துவமனைகளின் கணக்குகளைத் தோண்ட ஆரம்பித்தார். சிப்பாய்கள் அரைகுறை உயிரோடு வந்து சேர்ந்ததும், சத்தான சாப்பாடு இல்லாததும்தான் இத்தனை சாவுக்குக் காரணம் என்று அவர் ஆரம்பத்தில் நினைத்திருந்தார். கணக்கு வேறு கதை சொன்னது. போர்க் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் பல மடங்கு. அந்த நோய்களில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடியது. தான் இரவு பகலாக உழைத்த அதே கட்டடத்தின் அசுத்தமே பலரைக் கொன்றிருக்கிறது என்ற உண்மை அவரை எவ்வளவு உலுக்கியது என்பது பற்றி வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஆனால், அவர் செய்த காரியத்தில் விவாதம் இல்லை. தன் கணிப்புக்கு எதிராக வந்த கணக்கை மறைக்காமல் அச்சில் ஏற்றினார். ராணுவ நிர்வாகமும் அமைச்சர்களும் நீளமான அட்டவணைகளைப் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால் 1858-ல் மாதவாரியாக வட்டமாக ஒரு வரைபடம் போட்டார். தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. சிவப்பு சின்னதாக நடுவில் சுருண்டிருக்க, நீலம் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. கணக்கே தெரியாதவர்களுக்கும் ஒரே பார்வையில் புரிந்தது. இன்று நாம் போனில் பார்க்கும் இன்ஃபோகிராஃபிக்குகளுக்கு இது ஒரு பாட்டி!

அதே 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ராணுவத்தில் மருத்துவப் புள்ளிவிவரங்களுக்கென்றே தனிப் பிரிவும் வந்தது.

எல்லா மருத்துவமனைக்கும் ஒரே படிவம்

அடுத்து அவர் பார்வை லண்டன் மருத்துவமனைகள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குத் தோன்றியபடி குறிப்பு எழுதியது. ஒரு இடத்தில் ஒரு நோய்க்கு ஒரு பெயர், அடுத்த இடத்தில் வேறு பெயர். குணமானவர் என்றால் யார் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. எந்த மருத்துவமனை நன்றாக வைத்தியம் பார்க்கிறது என்று ஒப்பிட வழியே கிடையாது.

அவர் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்தார். வருஷ ஆரம்பத்தில் உள்ளே இருந்தவர்கள் எத்தனை, புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை, குணமானவர்கள், குணமாகாமல் போனவர்கள், தாங்களே கேட்டு வெளியேறியவர்கள், இறந்தவர்கள், வருஷக் கடைசியில் மீதி இருப்பவர்கள், சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள். இதையெல்லாம் வயது, ஆண் பெண், நோய் வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் இந்தத் திட்டம் முன்வைக்கப்பட்டது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில பயன்படுத்தியும் பார்த்தன.

அப்புறம்? கைவிட்டுவிட்டார்கள். நிரப்ப நேரம் அதிகம், செலவும் அதிகம். நோயாளியைப் பார்ப்பதா, பேப்பர் நிரப்புவதா என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது. இன்று எந்த அரசு மருத்துவமனை நர்ஸிடம் கேட்டாலும் இதே புலம்பலைக் கேட்கலாம். பதிவேடுகளின் எண்ணிக்கை கூடும் அளவுக்கு ஆட்களின் எண்ணிக்கை கூடவில்லை என்றால், படிவம் எவ்வளவு அறிவோடு தயாரிக்கப்பட்டிருந்தாலும் தோற்றுத்தான் போகும்.

அவரும் சறுக்கிய இடம்

நைட்டிங்கேல் எப்போதும் சரியாகவே இருந்தார் என்று எழுதினால் அது பாதிக் கதைதான். 1863-ல் வெளியான தன் மருத்துவமனைகள் பற்றிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில் ஃபாரின் ஒரு அட்டவணையைச் சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்றது அது. அதாவது உள்ளே போகும் 10 பேரில் 9 பேர் திரும்பி வருவதில்லை என்பதுபோல!

எப்படி வந்தது இந்த எண்? 1861 ஏப்ரல் 8 என்ற ஒரே ஒரு நாளில் அந்த மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் 4,214 பேர். அந்த முழு வருஷத்திலும் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். வருஷக் கணக்கை ஒரு நாள் கணக்கால் வகுத்திருக்கிறார்கள்.

எளிமையாகப் பார்ப்போம். 100 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 10 நாள் தங்கினால், ஒரு படுக்கைக்கு வருஷத்துக்கு 36 பேர். மொத்தம் 3,600 பேர். அதில் 90 பேர் இறந்தால் உண்மையான விகிதம் 2.5 சதவீதம். ஆனால், 90-ஐ 100 படுக்கையால் வகுத்தால் 90 சதவீதம் என்று வந்து நிற்கும். எண்கள் எல்லாம் நிஜம், வகுத்த விதத்தில்தான் சிக்கல்.

டாக்டர்கள் கொதித்துப்போய் மருத்துவ இதழ்களில் வரிந்துகட்டி எழுதினார்கள். நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இறப்பு விகிதம் பல மடங்கு குறைந்துவிடும் என்று காட்டினார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். அதேநேரம், மருத்துவமனைகளை எப்படி அளப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்ற பேச்சே அந்தச் சண்டையால்தான் சூடுபிடித்தது. வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு சதவீதம் வந்தால், எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நர்ஸ்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது என்ன?

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. மக்கள் அவருக்காகத் திரட்டிய நிதியில் உருவானது அது. அங்கே படித்த மாணவிகள் வார்டில் நடந்ததை நாட்குறிப்பாகவும், நோயாளிகளைப் பற்றித் தனிக் குறிப்பாகவும் எழுத வேண்டும். பின்னாளில் அவற்றை வரவழைத்துப் படித்து, நைட்டிங்கேலே திருத்தம் சொன்னார்.

அதற்கு முந்தைய வருஷம் வந்த அவருடைய செவிலியம் பற்றிய புத்தகத்தில், நோயாளியைக் கவனிப்பது எப்படி என்பதற்கே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதில் ஒரு விஷயம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், ஆமாம் இல்லை என்று ஏதோ ஒன்று வரும். அதனால் பிரயோஜனம் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நேரத்தில் விழித்தார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான்.

கேள்வி சரியாக இருந்தால்தான் குறிப்பு சரியாக இருக்கும். குறிப்பு சரியாக இருந்தால்தான் அடுத்த ஷிஃப்டில் வருபவர் சரியான முடிவு எடுப்பார். வரிசையில் ஒரு இடத்தில் அறுந்தாலும் கடைசியில் அடிபடுவது படுக்கையில் இருப்பவர்.

சரி, நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 1859-ல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. பின்னணியில் வேலை செய்தவர் நைட்டிங்கேல். கேள்விப் படிவம் தயாராகி இந்தியா முழுக்க இருந்த ராணுவ நிலையங்களுக்குப் போனது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் எந்த நோயில் இறந்தார்கள் என்று கேள்விகள். கட்டுக்கட்டாகப் பதில்கள் வந்தன. படுக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் படித்து ஆராய்ந்தார். 1863-ல் அறிக்கை வெளியானது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் அது 18 ஆகக் குறைந்ததாக அவரே பின்னர் எழுதினார்.

1864-ல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் வந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அன்றைக்கு அந்த மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன.

இங்கே ஒரு உறுத்தலும் இருக்கிறது. அந்தக் கமிஷன் ராணுவத்தைப் பற்றியது. படிவத்தை நிரப்பியவர்கள் அதிகாரிகள். சாதாரண இந்தியர்களின் சாவு அந்தத் தாள்களில் பெரிதாக இடம்பெறவே இல்லை. நைட்டிங்கேல் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததும் இல்லை. ஆனால், காலம் போகப் போக அவர் கவனம் சிப்பாய்களிலிருந்து கிராமத்து மக்கள் பக்கம் நகர்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அவரைப் பாதித்தது. அந்தப் பஞ்சத்தில் குறைந்தது 50 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. 1878-ல் இந்திய மக்களின் நிலை பற்றிக் காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டனோடு சேர்ந்து பாசனத் திட்டங்களுக்காகவும் குரல் கொடுத்தார்.

கடைசி வருஷங்கள்

வயதாக ஆகக் கண்பார்வை மங்கியது. வாழ்நாள் முழுக்கப் படித்தும் எழுதியும் வந்தவருக்கு அது பெரிய இழப்பு. 1907-ல் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' விருது கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1910 ஆகஸ்ட் 13-ம் தேதி லண்டனில் 90 வயதில் காலமானார். அவர் பிறந்த மே 12 இன்று உலக செவிலியர் தினம். 1973 முதல் இந்திய அரசு சிறந்த செவிலியர்களுக்கு அவர் பெயரில் தேசிய விருது கொடுத்து வருகிறது.

இன்றைக்கு நிலைமை எப்படி?

படிவங்கள் இப்போது திரைக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் 'பிக்மி' இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்குகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் கையில் பதிவேடும் இருக்கிறது, டேப்லெட்டும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 'ஆபா' என்ற சுகாதார எண் மூலம் நம் மருத்துவக் குறிப்புகளை ஒன்றாக இணைக்கலாம்.

ஆனால், கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பேப்பரில் புரட்டாத பக்கத்தைத் திரையில் மட்டும் ஸ்க்ரோல் பண்ணிப் பார்ப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஊழியர்களுக்கு அதற்கான பயிற்சியும் நேரமும் வேண்டும். ஒருவர் 50 பேரைப் பார்க்க வேண்டியிருந்தால் முதல் பக்கம் வரை போக நேரம் எங்கே இருக்கும்?

நம் பக்கம் செய்யக்கூடியது சிலது உண்டு:

* பழைய சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள்.
* ஒத்துக்காத மருந்து இருந்தால் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் மேலேயே ஒட்டுங்கள்.
* ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருபவரிடம் அதை இன்னொரு முறை சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம்.
* வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி, புரியாததை அங்கேயே கேளுங்கள்.

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். மழை பெய்தால் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கிளம்பிவிடுகிறார், திருந்தவில்லை. அத்தைதான் மாறிவிட்டார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மஞ்சப்பையில் அந்த ஃபைல் இருக்கும். மேலே சிவப்பு மையில் மருந்தின் பெயர் இருக்கும். நர்ஸ் கேட்கும் முன்பே எடுத்து முதல் பக்கத்தை விரித்துக் காட்டிவிடுவார்.